ஆரத்திக்கு அசையாத ஃபின்லாந்துக்காரர்

நான் இப்போது வாழும் ஃபின்லாந்தின் தாம்பெரெ நகரத்தில் பேருந்து நிறுத்தத்தில் ஐந்து பேர் நின்றால் ஐந்து தனித்தனி ஊர்கள் போலிருக்கும். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டியைத் திருப்பலாம். மழை கொட்டினாலும், கூரைக்குக் கீழே இடமிருந்தும், வெளியே நனைவார்களே தவிர நெருங்கி நிற்க மாட்டார்கள். இது தெரியாமல் வந்த புதிதில், கும்மிடிப்பூண்டி லோக்கலில் நின்ற பழக்கத்தில், ஒரு பெரியவரின் தோளோடு தோளாகப் போய் நின்றேன். அவர் ஓரடி நகர்ந்தார். எனக்கு இடம் விடுகிறார், என்ன மரியாதை என்று நானும் ஓரடி நகர்ந்தேன். அவர் நகர, நான் ஒட்ட, பேருந்து வந்தபோது இருவரும் நிறுத்தத்தைத் தாண்டி ஒரு பல் மருத்துவர் வாசலில் நின்றிருந்தோம். பேருந்து நிற்காமல் போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. நம்மூரில் திட்டினால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். திட்டாத மனிதனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்த நாட்டில் பெண்டாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் பந்தயம் ஒன்று உண்டு. ஜெயித்தால் அவளுடைய எடைக்கு எடை பீர் தருவார்கள். என் விஷயத்தில் பந்தயம் தலைகீழ். நர்ஸ் வேலைக்கு வந்த என் மனைவிதான் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு வார்ப்படச் சாலையில் வருஷக்கணக்காக வெந்தவன் நான். இங்கே தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, மைனஸ் இருபதில் விறைக்கக் கற்றுக்கொண்டேன்.

புலம்பெயர்ந்தவனுக்கு மிஞ்சும் ஒரே சொத்து, ஊரில் இருப்பவனுக்குத் தெரியாத தகவல்கள். அதை என் பழைய கூட்டாளி மோகனிடம் போனில் கொட்டுவேன். அதே வார்ப்படச் சாலையில் உலை மேஸ்திரியாக இருக்கிறான். வடகோடியில் திரியும் பனிமானுக்குக் கோடையில் கண்ணுக்குள் தங்க நிறம் மின்னும், குளிர்காலத்தில் அதுவே நீலமாக மாறும் என்றேன்.

“இன்னா நைனா, கண்ணு கலர் மாறுதா? அங்க போயும் உன் வாய் மாறல பாரு” என்றான்.

ஒருமுறை லீவில் போனபோது இந்த ஊர்க் கறுப்பு மிட்டாயைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயில் போட்டவன் முகம் கோணி, கையில் துப்பினான்.

“இன்னாடா இது, பாத்திரத்துக்கு ஈயம் பூசறப்ப வருமே, அந்த வாசன வருது.”

“அதான்டா. அந்த நவச்சாரத்தப் போட்டுத்தான் செய்றாங்க. கொழந்தைங்கள்லாம் துன்னும்.”

அதையும் நம்பவில்லை. சௌனாவைப் பற்றிச் சொன்னபோது என் மேலிருந்த கடைசி மரியாதையும் போயிற்று. சௌனா என்பது மரத்தால் ஆன ஒரு சிறு அறை. அடுப்பின் மேல் கற்களைக் காயவைத்து, அதில் தண்ணீரை ஊற்றி ஆவி கிளப்பி, எண்பது டிகிரியில் உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுடைய நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது.

“துணியில்லாம சும்மா குந்திக்கினு இருப்பாங்களா?”

“ஆமா.”

“இன்னாத்துக்கு?”

“சந்தோஷத்துக்கு.”

“ஜெகா, நீ போன வை. எனக்கு ஷிப்ட்டு இருக்குது.”

அந்த ஷிப்ட்டும் சந்தேகமாகிப்போன நேரம் வந்தது. ஆர்டர் குறைந்து, இரண்டாவது ஷிப்ட்டை நிறுத்தியிருந்தார்கள். அதில் இருந்தவர்களும் முதல் ஷிப்ட்டையே பங்குபோட்டதால், வாரத்தில் பாதி நாள் வீட்டில். அப்போதுதான் எங்கள் பம்புக் கம்பெனி இந்தியாவில் வார்ப்புகள் வாங்க இடம் தேடியது. நான் என் பழைய வார்ப்படச் சாலையின் பெயரைச் சொன்னேன். பார்த்து முடிவு செய்ய என் மேலதிகாரியான இன்ஜினியர் யுஹானி கிளம்பினார். மொழிபெயர்க்க நானும் கூட. அவர் சரி என்றால் இரண்டாவது ஷிப்ட்டு திரும்ப ஓடும். இல்லை என்றால் முதல் ஷிப்ட்டுக்கும் ஆயுசு குறைவு. விமானத்தில் அவர் தூங்கினார். நான் நகத்தைத் தின்றேன்.

இங்கே எங்கள் கும்மிடிப்பூண்டி ஷெட்டின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எந்தப் பெரிய ஆள் பார்வையிட வந்தாலும் சரியாக மத்தியான வெயிலில் உலைப் பக்கம் அழைத்துப் போவோம். இரும்பு கொதிக்கும் அனல் முகத்தில் அடித்ததும் ஆள் தக்காளியாகச் சிவந்து, ஏசி அறைக்கு ஓடிவிடுவார். அங்கே இளநீர், வறுத்த முந்திரி, கையெழுத்து. இதற்குப் பெயர் ஆரத்தி எடுப்பது. எதையும் மறைக்க அல்ல. ஆள் அதிக நேரம் நின்றால் கேள்வி கேட்பார், கேள்வி இங்கிலீஷில் இருக்கும், அவ்வளவுதான். வெள்ளைக்காரருக்கு ஆரத்தி இன்னும் சீக்கிரம் வேலை செய்யும் என்பது எங்கள் அனுபவம்.

மோகன் அன்று தட்டோடு தயாராக இருந்தான் என்றே சொல்லலாம். சித்திரை வெயில், பன்னிரண்டு மணி, உலை மூடி திறந்தது. நாங்கள் எல்லோரும் பின்வாங்கினோம். யுஹானி முன்னால் போனார். கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்தார். பிறகு, ஆள் தாண்டக் கூடாத மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கமாக ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கைகளை முட்டியில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி. கல்யாணமான புதிதில்கூட என் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை யாரும் பார்த்ததில்லை.

மோகன் என் காதருகே வந்தான். “இன்னாடா உன் ஆளு, குந்திக்கினாரு?”

“நான்தான் சொன்னேனே, எண்பது டிகிரி ரூமு.”

“அது நெசமாடா?”

“பின்ன?”

“பேஜாரா பூச்சே. இளநி வேற வெட்டி வெச்சிக்கினு கீறோம்.”

யுஹானி என் பக்கம் திரும்பி, “உங்கள் ஆட்கள் ஏன் கவலையாக இருக்கிறார்கள்?” என்று கேட்டார். மோகனுக்கு அவர் என் ஆள். அவருக்கு மோகன் என் ஆள். இருவருக்கும் நடுவே வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது நான்.

ஒரு வார்ப்பு ஊற்றி முடித்தார்கள். அவர் எழவில்லை. இரண்டாவது முடிந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. மோகன் கும்பல், கோபம் போலிருக்கு என்று கிசுகிசுத்தது. ஃபின்லாந்தில் மௌனம் கோபமில்லை, வசதியாக இருக்கிறேன் என்று பொருள் என்று விளக்கினேன். என் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை. அப்போது யுஹானி கையை நீட்டி ஒரு சொம்பு தண்ணீர் கேட்டார். கொடுத்தார்கள். சொம்பைப் பிடித்தபடி எழுந்து உலையை நோக்கி ஓரடி வைத்தார்.

என் மூளையில் சௌனா எரிந்தது. சூடான எதையாவது கண்டால் இந்த நாட்டுக்காரர்கள் தண்ணீர் ஊற்றுவார்கள். உருகிய இரும்பில் தண்ணீர் போனால் ஷெட்டே வெடிக்கும். எனக்கு நாற்பத்தெட்டு வயது, முட்டியில் தேய்மானம், பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டேன். அன்று பறந்தேன். என் சொந்த மேலதிகாரியின் மேல் விழுந்து சொம்பைப் பிடுங்கினேன். தண்ணீர் முழுவதும் எங்கள் இருவரின் சட்டையில் கொட்டியது.

இரண்டாவது ஷிப்ட்டின் கழுத்தை நானே கையால் நெரித்துவிட்டதாக நினைத்தேன்.

“குடிக்கத்தான் கேட்டேன்” என்றார் யுஹானி.

சௌனா, ஆவி, பயம் என்று உளறினேன். ஈரச் சட்டையோடு என்னை நிதானமாகப் பார்த்தார்.

“உலைக்கு முன்னால் நான் இன்ஜினியர். சட்டையைக் கழற்றினால்தான் ஃபின்லாந்துக்காரன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் பல்லை அன்றுதான் பார்த்தேன். நான் மொழிபெயர்த்ததும் ஷெட்டே சிரித்தது. மோகன் இன்னொரு சொம்பு கொண்டுவந்து, “இந்தா சாரு, குடி. இவன் எப்பவுமே இப்டித்தான், அவசரக் குடுக்க” என்றான். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. யுஹானிக்குப் புரிந்துவிட்டது.

அதன்பின் அவரைக் கிளப்ப யாரும் முயலவில்லை. மூன்றாவது வார்ப்பையும் பார்த்தார். பிறகு ஆறிய வார்ப்புகளின் குவியலுக்குப் போய், மோகன் துடைத்து முன்னால் வைத்திருந்த பளபளப்பானவற்றை விட்டுவிட்டு, அடியில் கிடந்த அழுக்கு வார்ப்பு ஒன்றை இழுத்தார். அதைக் குறுக்கே அறுக்கச் சொன்னார். உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் கதை முடிந்தது. ரம்பம் இறங்க ஆரம்பித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லோரும் ரம்பத்தையே பார்த்தோம். ஆரத்தி எடுத்து அனுப்பிய எத்தனையோ பேர் இதைக் கேட்டதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நாங்கள் செய்ததை நாங்களே அறுத்துப் பார்த்து நாளாகியிருந்தது.

இரண்டு பாதிகளும் விழுந்தன. யுஹானி வெட்டு முகத்தை விரலால் தடவினார். வெளிச்சத்தில் திருப்பினார். உள்ளே ஊசிமுனை ஓட்டைகூட இல்லை. ஒரே சீராக, சாம்பல் நிறத்தில் மின்னியது.

“இஹன் ஹ்யுவா” என்றார்.

“இன்னா சொல்றாரு?” என்றான் மோகன்.

பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு என்று நேர்ப்பொருளைச் சொன்னேன். மோகன் முகம் தொங்கியது. “பரவால்லயா? அவ்ளோதானா?”

“டேய், அந்த ஊர்ல கல்யாணப் பொண்ணுக்கே இதுக்கு மேல சொல்ல மாட்டாங்கடா. இதான் உச்சம்.”

எப்போதும்போல் நான் கதை விடுவதாகவே நினைத்தான். யுஹானி அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, முதல் சரக்கை எப்போது அனுப்ப முடியும், எத்தனை ஷிப்ட்டு ஓட்டுவீர்கள் என்று கேட்டார். ஷிப்ட்டு என்ற சொல் காதில் விழுந்ததால் இதற்கு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. “ரெண்டு சாரு, ரெண்டு” என்று மோகன் இரண்டு விரலைக் காட்டினான். பின்னால் யாரோ விசிலடித்தார்கள். வெட்டி வைத்திருந்த இளநீரை நாங்களே குடித்தோம்.

கிளம்பும்முன் போட்டோ. கேன்டீன் ரோசி அக்கா செல்போனைத் தூக்கி, “கம்பெனி ஆளுங்க இந்தாண்ட நில்லுங்க, வெளிநாட்டாளுங்க அந்தாண்ட” என்றார். வரிசை நீளம் என்பதால், போனை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தி ஒரே நீளப் படமாக எடுக்கும் முறை. இடது கோடியிலிருந்து மோகன் “இங்க வாடா” என்றான். வலது கோடியில் யுஹானி தன் பக்கத்தில், ஃபின்லாந்து முறைப்படி, ஒரு மாட்டுவண்டி அளவு இடம் விட்டுக் காத்திருந்தார். நான் மோகனோடு நின்றேன். போன் என்னைக் கடந்ததும் வரிசைக்குப் பின்னால் குனிந்து ஓடி, அது வந்து சேரும்முன் யுஹானிக்குப் பக்கத்தில் எழுந்து நின்றேன். இப்போது தாம்பெரெயில் என் சுவரில் அந்தப் படம் இருக்கிறது. இரண்டு கோடியிலும் நான். இடது கோடியில் தலை சீவி, சட்டை உள்ளே விட்டு, தெளிவாக. வலது கோடியில் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, ஓட்டத்தில் ஒரு கை வந்து சேராமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி.