ஆரணியில் ஒரு பட்டுக் கயிறும் மூன்று சிலிண்டரும்

காலை ஏழு மணிக்கு வந்தவாசி பேருந்து நிலையத்தில் வாடகைக் காரில் ஏறினேன். ஆரணி வழியாகத் திருமலைக்குப் போய்த் திரும்ப இரண்டாயிரம் ரூபாய். அங்கே குன்றின்மேல் இருக்கும் சமணக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது என் பல நாள் ஆசை. கார் பழையது, மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி. ஓட்டியவர் முருகவேல், வண்டியும் அவருடையதே. சாவியைத் திருப்பியதும் எழுந்த புகையில் பின்னாலிருந்த டீக்கடையே மறைந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பழகிப்போனவர்களாகத் தம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

"ஸ்டார்ட் பண்ணும்போது இப்டித்தாங்க. ஓடிகினு இருந்தா தெரியாது," என்றார்.

ஊர் தாண்டியதும் மீதியையும் சொன்னார். எஞ்சின் முடிந்தது, இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்களாம். அதற்கு வசதியில்லை. தேசூரில் பழைய வண்டிகளை உடைத்து விற்பவர் மாலை ஆறு மணிக்கு வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. "உங்க சவாரிதாங்க கடைசி. நாளைக்கு வேற எவன் வண்டியிலயாவது ஸ்டியரிங் புடிக்கணும்."

எட்டேகால் மணி, ஆரணி. நாற்பது கிலோமீட்டர் சொச்சம். நெசவாளர் தெருவை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று வண்டியை உள்ளே விடச் சொன்னது நான்தான். அந்தத் தெருவில் காலையில் பாவு நீட்டியிருந்தார்கள். சேலையின் நீளநூல் அத்தனையையும் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளை முடிந்து சுற்றியெடுக்கும் வரை வண்டிகள் காத்திருக்கும். யாரும் ஹாரன் அடிப்பதில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பால் வண்டியும் இரண்டு ஆட்டோக்களும் சும்மா நின்றிருந்தன. எஞ்சினை நிறுத்தினால் மறுபடி புகையுமே என்று முருகவேல் நிறுத்தவில்லை. கால் மணி நேரத்தில் என் பொறுமை போயிற்று. வேறு வழியில் போகலாம் என்றேன். அவர் வண்டியைத் திருப்ப, அதன் பின்பக்கம் பாவைப் பார்த்து நின்றது. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் குப்பென்று புகை.

தொலைந்தோம் என்று நினைத்தேன். சந்தன நிறப் பட்டு அது. கறை பிடித்தால் யார் பதில் சொல்வது? பாவுக்குச் சொந்தக்காரரான வசந்தா என்ற பெண்மணி ஓடிவந்து நூலைக் குனிந்து பார்த்தார். காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் நூல் தப்பியது. அடுத்து எங்களுக்கு அர்ச்சனைதான் என்று காத்திருந்தோம். அவரோ புகையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க, எண்ணெ எரியுதா?"

"எஞ்சின் போச்சும்மா. வெள்ளப் புகைன்றாங்க," என்றார் முருகவேல்.

"யாரு சொன்னது? நீலங்க. வெள்ளன்னா தண்ணி, நீலம்னா எண்ணெ. வானத்துல பாத்தா தெரியாது. பாவுக்கு நேரா வெச்சிப் பாருங்க."

பார்த்தேன். சந்தன நூலுக்கு எதிரே அந்தப் புகை சன்னமான நீலமாக ஓடியது. ஒரே நீலத்தில் பத்து நீலம் பிரித்துச் சாயம் சொல்கிற கண் அது. அவருடைய தம்பி சேகர் அடுத்த தெருவில் மெக்கானிக்காம். பாவைச் சுற்றி முடித்ததும் எங்களை அங்கே கூட்டிப் போனார்.

ஒன்பதரை மணி. சேகர் சாயம் போடாத வெள்ளைப் பட்டுத் துண்டொன்றைப் புகைக்குழாய்க்குப் பின்னால் பிடித்தார். மஞ்சளாக எண்ணெய்க் கறை விழுந்தது. "எப்பெப்ப புகையும்?" என்று கேட்டார்.

"நின்னு எடுத்தா. ஓடும்போது இல்ல."

ஒரு மீட்டரை வைத்து மூன்று சிலிண்டரிலும் அழுத்தத்தைப் பார்த்தார். மூன்றும் சரியாக இருந்தன. "எஞ்சின் நல்லா கீது. வால்வு சீல்தான் போயிருக்கு. வண்டி நிக்கும்போது எண்ணெ உள்ள சொட்டுது, எடுக்கும்போது எரியுது. ஒரு பேஜாரும் இல்ல, எஞ்சினப் பிரிக்காமயே கம்மி செலவுல மாத்திடலாம்."

வால்வு என்பது சிலிண்டரின் கூரையில் இருக்கும் சின்னக் கதவு. அதன் தண்டில் எண்ணெய் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல். அதை மாற்ற, வால்வை மேலே இழுத்துப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டும். கழற்றினால் வால்வு உள்ளே விழுந்துவிடும். எஞ்சினைப் பிரிக்காமல் எப்படி?

"அக்கா, கயிறு குடு," என்றார் சேகர்.

தறியில் மிஞ்சும் நூலை முறுக்கி வசந்தா திரித்த பட்டுக் கயிறு அது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிய துளை வழியாகச் சேகர் அதை முழம் முழமாக உள்ளே செலுத்தினார். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்ற, பிஸ்டன் மேலே ஏறிக் கயிற்றை வால்வின்மேல் அழுத்தியது. வால்வு அசையாமல் நின்றது. "நைலான் பிசிறு உடும். பட்டு உடாது, உலோகத்தையும் கீறாது," என்றார். ஒவ்வொரு சிலிண்டராக, சிலிண்டருக்கு இரண்டு வீதம் ஆறு சீல்களையும் மாற்றிக் கயிற்றை உருவியபோது அதில் ஓர் இழைகூட அறுந்திருக்கவில்லை. இத்தனை மெல்லிய பொருள் இரும்பைத் தாங்குவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முருகவேல் பார்க்கவில்லை; சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். "குழாயில இருக்கற பழைய எண்ணெ கொஞ்ச தூரம் புகையும். ரெண்டு மணி நேரம் நிறுத்திட்டு எடுங்க, அப்பதான் தெரியும்," என்று சொல்லி, இன்னொரு வெள்ளைத் துண்டை என்னிடம் கொடுத்தார் சேகர். சொன்னபடியே வழியில் புகைந்தது. முருகவேலின் முகம் செத்துப்போயிற்று.

சுமார் இருபது கிலோமீட்டரில் திருமலை. பாறையில் செதுக்கிய நேமிநாத தீர்த்தங்கரர் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் நின்றார். கும்பிட்டேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், மனம் அடிவாரத்தில்தான் இருந்தது.

மூன்றரை மணி. காரின் பின்னால் குந்தித் துண்டைப் பிடித்தேன். முருகவேல் சாவியைத் தொட்டுக்கொண்டே வெகுநேரம் இருந்தார். பிறகு திருப்பினார். வெதுவெதுப்பான காற்றில் துண்டு படபடத்தது, அவ்வளவுதான். அவர் இறங்கி வந்து அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார். தேசூருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, வராதீங்க. நாளைக்கு நம்ம வண்டி ஓடுது," என்றார்.

ஐந்தரைக்கு வந்தவாசியில் அதே டீக்கடை முன்னால் இறங்கி, இருவரும் டீ குடித்தோம். விடைபெற்று அவர் காரில் ஏறிச் சாவியைக் கையில் எடுத்ததும் கடையிலிருந்தவர்கள் வழக்கம்போலத் தம்ளரை மூடிக்கொண்டார்கள். கார் கிளம்பித் தெருமுனையில் திரும்பியது. கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள்.