வளர்மதி எடுத்த கல்

பொய் சொன்னவள் நான்தான். வளர்மதி எடுத்த கல்லை 'நான் எடுத்தேன்' என்று கூசாமல் சொன்னேன்... அதுவும், சொன்ன சொல்லையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும் ஒரு வகுப்பில்!

நாங்கள் அரியலூரில் நிலவியல் படிக்கிறோம். இது ஒரு காலத்தில் கடல் கிடந்த மண். பக்கத்தில் காரை என்ற ஊர்ப் பக்கம் மழை பெய்து ஓய்ந்தால், கல்லாகிப்போன சிப்பியும் நத்தையும் ஓடைக்கரையில் தலைகாட்டும். ஆளுக்கொன்று தேடி வந்து, மேசைமேல் வைத்து, "நானே எடுத்தேன், இன்ன இடத்தில்" என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். சார் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார். சொன்னால் சொன்னதுதான்.

வளர்மதி என் பெஞ்சுத் தோழி, திருமழபாடிக்காரி. நான் பெரம்பலூர். ஒன்றாகத்தான் காரைக்குப் போனோம். அவள் கண்ணில்தான் பட்டது, சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு சுருள் நத்தை! தோண்டும்போது இரண்டாக உடைந்துவிட்டது. கனம் தாங்காமல் ஒரு பாதியை என் பையில் போட்டாள்.

"நாளைக்கு மறக்காம எடுத்துட்டு வந்துடுடி."

மறக்கவில்லை... மறந்திருந்தால் தேவலையே! மறுநாள் அவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. எனக்குக் கிடைத்திருந்ததோ மூளிச் சிப்பி ஒன்று. என் முறை வந்தது. பாதிக் கல்லை எடுத்து வைத்தேன். வாய் தவறிச் சொன்னேனா? இல்லை! தெரிந்தேதான் சொன்னேன்.

காய்ச்சல் விட்டு வந்தவள், வகுப்புக் கண்ணாடிப் பெட்டியில் அந்தப் பாதிக் கல்லையும் அதன் கீழே என் பெயரையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு சின்னச் சிப்பியை மேசையில் வைத்து, "நானே எடுத்தேன் சார்" என்றாள். பளாரென்று அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

திருச்சியில் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டிக்கு, அந்தக் கல்லோடு என்னைத்தான் அனுப்பினார்கள். வகுப்பே பஸ் ஏறி வந்தது. மேடையில் வெளுத்து வாங்கினேன்! பரிசு எனக்குத்தான் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. நடுவராக வந்த அம்மா கல்லைத் திருப்பிப் பார்த்தார்.

"புதுசா உடைஞ்சிருக்கே... மீதிப் பாதி எங்கம்மா?"

'கிடைக்கலைங்க' என்று ஒரு வார்த்தை. அது போதும், கோப்பை என் வீட்டுக்கு வந்துவிடும். நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எதிரே வளர்மதி, மடியில் பையை இறுக்கிப் பிடித்தபடி...

"அவகிட்ட இருக்குங்க. இந்தப் பாதியும் அவ எடுத்ததுதான். நான் பொய் சொல்லிட்டேன்."

மைக்கிலேயே சொன்னேன்!

சாரின் முகம் கறுத்துப்போனது. எனக்கோ... அப்பாடா, உடம்பே லேசாகிவிட்டது! நடுவர் கூப்பிட, வளர்மதி மேடையேறினாள். துப்பட்டாவில் சுற்றி வைத்திருந்த பாதியை எடுத்துப் பொருத்தினாள். இம்மி பிசகாமல் சேர்ந்தது! அரங்கமே எழுந்து கை தட்டியது. கல்லைப் பற்றி அவளே பேசினாள், கோப்பையையும் வாங்கினாள். நான் விசிலடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் வாழ்க்கையில் நான் ஜெயித்த நாள் அதுதான்!

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இத்தனை நாளும் அதைத் தூக்கிக்கிட்டா அலைஞ்ச?"

"ஆமா. நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்."

கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ரெண்டு பேரு பேரையும் போட்டிருப்பேன்டி."

அரியலூர் வரும்வரை அவள் திரும்பவே இல்லை.