பேப்பரில் எழுதாத ஒரு கேள்வி

1. போன் நாற்காலி

நெல் அறுக்கும் மிஷின்களை வாடகைக்கு விடும் கம்பெனியில், திண்டிவனம் ஆபீசில் நான் சேர்ந்த முதல் நாளே ஒரு வண்டி கூட்டேரிப்பட்டுப் பக்கம் சேற்றில் மாட்டிக்கொண்டது. ஒரு போனில் விவசாயி கத்தினார், இன்னொரு போனில் டிரைவர் கத்தினார். நான் இரண்டு பேருக்கும் “சரிங்க, சரிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் டிரைவர் முழங்கால் வரை சேற்றோடு வந்தார்.

“அவரு கழனி காஞ்சிதாம்மா இருந்துச்சி. மேல் கழனிக்காரரு இன்னும் அறுக்கல, தண்ணி கட்டி வெச்சிருக்காரு. அந்தத் தண்ணி வரப்புக்கு அடியில கசிஞ்சி இங்க வந்து நிக்குது. மேல பாத்தா தெரியாது.”

டயர் வண்டிக்கு வாடகை குறைவு, ஆனால் ஈரத்தில் இறங்கினால் எழாது. செயின் வண்டி எந்தச் சேற்றிலும் ஓடும், எங்களிடம் இருந்ததோ இரண்டுதான். கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் டயர் வண்டிதான் கேட்பார்கள், கழனி காய்ந்துதான் கிடக்கிறது என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை. அன்றிலிருந்து நான் பேச்சோடு பேச்சாக, “மேல் கழனி அறுத்தாச்சாங்க?” என்று கேட்டு வைப்பேன். இல்லை என்றால் செயின் வண்டியை அனுப்புவேன்.

மற்ற ஏஜென்டுகள் வாடகையைக் குறைத்து ஆள் பிடித்தார்கள். எங்கள் ஓனர் சேகர் அண்ணன் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். “சொன்ன நாள்ல, சரியான வண்டி போய் நிக்கணும். அதான் நம்ம யாவாரம்” என்பார். அதை நம்பித்தான் ஜனங்கள் கூடக் கொடுத்தார்கள், கம்பெனியும் லாபத்தில் ஓடியது. ஆடிட்டர் வந்தால் வண்டிகளையெல்லாம் சொத்தில் எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். “இந்தம்மாவ எந்தப் பக்கம் எழுதறதுன்னுதான் தெரியல.” எனக்கு அன்று முழுக்க தலை கால் புரியாது.

தை மாத ஆபீசை நினைத்தால் இப்போதும் ஆசையாக இருக்கிறது. இரண்டு போன், ஆறிப்போன டீ, டிரைவர்கள் கொண்டுவந்து போடும், எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேகவைத்த வேர்க்கடலை. மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்குத்தான். அந்த அலைச்சலில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

2. விழுப்புரம் கிளை

லோன் போட்டு நாலு டயர் வண்டி புதிதாக வாங்கி, அண்ணன் விழுப்புரத்தில் கிளை திறந்தார். அங்கே போனுக்கு பர்வீன் வந்தாள். கோட்டக்குப்பத்துக்காரி, துபாயில் ஏழு வருஷம் கஸ்டமர் கேர் பார்த்தவள். குரலே தேன் மாதிரி இருக்கும்.

அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “வசந்தாம்மா, போன்ல இன்னா இன்னா கேக்கணும்னு மொத்தத்தயும் எழுதிக் குடுத்துடுங்க. நாளைக்கு நீங்க லீவு போட்டாலும் வேல நடக்கணும்” என்றார்.

அவர் சொன்னது நியாயம். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் நான் எதற்கு? பத்தாவது படித்தவள், கம்ப்யூட்டர் தெரியாது. இரண்டு நாள் உட்கார்ந்து முப்பது கேள்வி எழுதினேன். ஏரிப் பாசனமா, கிணற்றுப் பாசனமா, என்ன ரகம், வண்டி போக வழி உண்டா என்று எல்லாம் எழுதினேன். மேல் கழனிக் கேள்வியை மட்டும் எழுதவில்லை. மறந்துபோய் விடவில்லை, தெரிந்தேதான் விட்டேன்.

3. கெடார்

முதல் சீசனிலேயே கெடாரில் ஏழுமலை என்பவரின் இரண்டு ஏக்கருக்குப் பர்வீன் டயர் வண்டியை அனுப்பினாள். மேல் கழனி இன்னும் அறுக்காதது, வண்டி அச்சு வரை இறங்கிவிட்டது. செயின் வண்டிகள் இரண்டும் மரக்காணம் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றைத் திருப்பி அனுப்புவதற்குள் மழை பிடித்து மூன்று நாள் விடவில்லை. நெல் சாய்ந்து கதிரிலேயே முளை விட்டது.

பர்வீன் எனக்குப் போன் செய்தாள். “பேப்பர்ல இருக்கறத எல்லாம் கேட்டேன்க்கா. அவரும் காஞ்சிதான் இருக்குதுன்னாரு. நான்தான் எதயோ கவனிக்காம உட்டுட்டேன் போல.”

பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மறுநாள் அண்ணன், “பர்வீன நிறுத்திடலாம்னு இருக்கேன். வண்டி மாறிப் போச்சின்னா நம்ம பேரே போயிடும், அப்புறம் யாரு கூடக் குடுப்பாங்க?” என்றார்.

“அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லண்ணே. நான் ஒரு கேள்விய எழுதாம உட்டுட்டேன்.”

“மறந்துட்டீங்களா?”

“இல்லண்ணே. எல்லாத்தயும் குடுத்துட்டா என்னய அனுப்பிடுவீங்கன்னு பயம்.”

அண்ணன், “இத்தினி வருசமா என்னய இவ்ளோதான் தெரிஞ்சிக்கினீங்களா?” என்றார். திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன். அந்தக் கேள்வியையும், நான் அதை எழுதாமல் விட்டதையும் அவரே பர்வீனுக்குப் போனில் சொன்னார், ஸ்பீக்கரில் போட்டு.

பர்வீன் கோபப்படவில்லை. “முன்னாடியே தெரிஞ்சிருந்தா அவரு நெல்லு பொழச்சிருக்கும் இல்லக்கா” என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு கெடாருக்குப் போனார். ஏழுமலையிடம் நடந்ததை நானே சொன்னேன். அண்ணன், “அடுத்த வருசம் வாடக வேணாங்க, நாங்களே அறுத்துத் தர்றோம்” என்றார்.

ஏழுமலை சத்தம் போடவில்லை. “அடுத்த வருசம் அறுப்பீங்க, சரி. இந்த வருசம் நான் வூட்டுச் சாப்பாட்டுக்கு நெல்லு வெலைக்கு வாங்கணும்மா. எங்கப்பா காலத்துலேர்ந்து வித்துதான் பழக்கம், வாங்கிப் பழக்கம் இல்ல” என்றார். பிறகு உள்ளே திரும்பி எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். அந்த ஒரு சொம்பு மோரைக் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த சீசனில் விழுப்புரம் கிளை திண்டிவனத்தை மிஞ்சியது. அந்தக் கேள்வியோடு பர்வீன் தானாகக் கண்டுபிடித்த நாலைந்து கேள்விகளும் பேப்பரில் ஏறின, அவற்றில் இரண்டு எனக்கே தோன்றாதவை. வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கற்றுக்கொண்டதைச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. ரிட்டயர் ஆகும் வரை அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். நடக்கவே நடக்காத ஒன்றுக்குப் பயந்து, அப்போது முகம்கூடத் தெரியாத ஒரு மனிதரின் ஒரு வருஷத்து நெல்லை நான் அழித்துவிட்டேன்.