முனியாண்டிக்கு நேர்ந்த ஆண் வாத்து

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஸ்பிரிங்வெளியில் எங்கள் வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குப் புறப்பட்டார். பங்களாவில் வளர்ந்த ஐந்து வெள்ளை வாத்துகளை யாரிடம் விடுவது என்று துரைசானி கேட்டாராம். கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் குழந்தைகளைப் பிள்ளைக்காம்பராவில் பார்த்துக்கொள்ளும் ஆயா நான். இத்தனை பிள்ளைகளை மேய்க்கிறவளுக்கு ஐந்து வாத்து ஒரு பாரமா என்று யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். அந்த மகராசன் யாரென்று இன்றுவரை தெரியாது. தெரிந்தால் சும்மா விடமாட்டேன்.

குள்ளமான தாரா வாத்து என்றாலும் சமாளித்திருப்பேன். இவை கழுத்தை நீட்டினால் என் இடுப்புக்கு வரும். எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் யார் கால் வைத்தாலும் ஐந்தும் சேர்ந்து விரட்டும். வாரத்தில் மூன்று நான்கு முட்டை தண்ணீர் ஓடும் கானோரத்தில் கிடக்கும். எது இட்டது, எது ஆண், எது பெட்டை என்று நான் ஆராய்ந்ததில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை.

அவசியத்தை உண்டாக்கியது என் வாய்தான். ஸ்டோரில் இயந்திரத்தில் தேயிலை அரைக்கும் என் வீட்டுக்காரரைக் காய்ச்சலோடு பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எட்டாம் நாள் அவருக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை. பயத்தில் அங்கேயே கும்பிட்டு, "முனியாண்டி, அவரத் திருப்பிக் குடு. என் வாத்துல ஒரு ஆம்பளைய ஒனக்குத் தாரேன்" என்று நேர்ந்துவிட்டேன். அவரும் எழுந்து வந்தார். ஆனால் இருமல் விடவில்லை. சிரித்தால்கூட இருமினார். நேர்ந்ததைக் கொடுக்காததால்தான் என்று எனக்குள் உதறல்.

முனியாண்டிக்குக் கிடா, சேவல் என்று ஆண்தான் கொடுக்கலாம். பெட்டையை வெட்டினால் குற்றம், அது என் வீட்டுக்காரர் தலையில்தான் விடியும். ஐந்தும் ஒரே வெள்ளை, ஒரே அலகு. எதைப் பிடிப்பது?

கங்காணியிடம் போனேன். முனியாண்டிக்குப் பூசாரியும் அவரேதான். தினமும் பெரட்டுக் களத்தில் ஆண் ஆள் இந்தப் பக்கம், பெண் ஆள் அந்தப் பக்கம் என்று நிறுத்தி வேலைக்கு அனுப்புகிற தனக்கு ஐந்து வாத்து எம்மாத்திரம் என்றார். எங்கள் வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, பெரட்டுக்கு நிறுத்துவதுபோல் அவற்றைப் பார்த்தார். முன்னால் நிற்பது, சத்தம் போடுவது, மற்றவற்றை விரட்டுவது எதுவோ அதுதான் ஆண் என்று தீர்ப்பு. எங்கள் லயத்தில் அதெல்லாம் பெண்கள் செய்வது என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. அதற்குள் ஒரு வாத்து அவர் வேட்டியைக் கவ்வி இழுத்தது. இது ஆணேதான் என்று அதன் காலில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டார்.

வெள்ளிக்கிழமை லயமே கோயிலில் கூடிவிட்டது. வெட்டுமுன் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். கங்காணி ஒரு செம்பு ஊற்றினார். வாத்து கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை உயர்த்தியது. இன்னொரு செம்பு ஊற்றினார். அலகைத் திறந்து குடித்தது. மூன்றாவதுக்கு வாலை ஆட்டியது. வால் கணக்கில் வராது. மழையில்லாத மாதம், அதற்குக் கொண்டாட்டம்.

தண்ணீரிலே பிறந்தது தண்ணீருக்கு எப்படி ஐயா சிலுப்பும் என்று கேட்கும் புத்தி எங்கள் ஒருவருக்கும் இல்லை. இது பெட்டை, அதனால்தான் சாமி ஏற்கவில்லை என்று கங்காணி தீர்ப்பை மாற்றினார். அடுத்ததைக் கொண்டுவந்தோம், அதற்கடுத்ததையும். தண்ணீர் ஒழுகும் பீலியிலிருந்து குடம் குடமாகச் சுமந்தவர் என் வீட்டுக்காரர். வேண்டாம் என்றால் கேட்டால்தானே! ஐந்தாவது வாத்து துள்ளிச் சிறகடித்ததில் குடத்துத் தண்ணீர் முழுக்க அவர் தலையில் கொட்டியது.

அவர் உடம்பை உதறி, தலையைச் சிலுப்பினார்.

கங்காணி செம்பைக் கீழே வைத்தார்.

"உத்தரவு கெடச்சிருச்சு தாயி. இது ஆம்பளதான், அதுல சந்தேகமில்ல."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் மட்டும் ஓடிப்போய் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கிட்ட கேட்டு வாங்கின ஆள் சாமி, திருப்பி எடுத்துறாத" என்று முனியாண்டியிடம் அழுதேன். என் அழுகையைப் பார்த்துக் கங்காணியே வாத்துக்குப் பதிலாகத் தன் வீட்டுச் சேவலைப் பிடித்துவரச் சொன்னார். ஒரு சொட்டு பட்டதும் அது சிலுப்பியது. காரியம் முடிந்தது.

அடுத்த மாதம் விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒரு வாத்து ஏழு முட்டைமேல் அடைகாத்துக்கொண்டிருந்தது. காலில் சிவப்பு நூல். கங்காணியைக் கூட்டிவந்து காட்டினேன். அது எழுந்து வந்து மறுபடியும் அவர் வேட்டியைக் கவ்வியது. வேட்டியை விடுவித்துக்கொண்டே, "சாமிக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல" என்றார்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் பயந்துகொண்டே அவரைப் பார்த்தேன். சிரித்து முடித்தார். இருமல் வரவில்லை.