காயாவுக்கு நான் சொன்ன தீர்ப்பு

மேடையில் ‘தெரியாது’ என்று சொல்லக் கூடாது. பட்டிமன்றப் பேச்சாளனாக எனக்குக் கிடைத்த முதற்பயிற்சி அதுதான். அதில் நான் தேர்ந்தவன்.

சென்ற மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூட்டமொன்றில் பெருமாளின் நிறத்தைக் காயாம்பூவுக்கு ஒப்பிட்டுக் கைதட்டல் வாங்கி இறங்கினேன். வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மைக்செட் அண்ணாச்சி அருகே வந்தார். சுந்தரபாண்டியத்துக்காரர்.

“தம்பி, எங்க தோட்டத்து வரப்புல ஒரு புதரு நிக்கி. வருசத்துல கொஞ்ச நாளு, குச்சியெல்லாம் ஊதாவாப் பூக்கும். காயாவா இருக்குமோன்னு வெட்டாம வச்சிருக்கேன்.”

காயாவை நான் கண்டதே இல்லை. எதிர் வேலியில் படர்ந்திருந்த நீலப்பூவைக் காட்டி, “இதுதான் காயா” என்றேன்.

“இது சங்குப்பூல்லா?”

“வழக்கில் சங்குப்பூ, அண்ணாச்சி, இலக்கியத்தில் காயா. உங்களுடையது ஏதோ காட்டுச்செடி.”

அவர் கும்பிட்டார். நான் அதை ஏற்றுக்கொண்டேன்.

சித்திரையில், தாவரவியல் படிக்கும் நண்பன் ராஜபாளையத்து மலையடிவாரத்துக்கு என்னை அழைத்துச் சென்றான். எதிரெதிராகத் தடித்த இலைகள். இலையற்ற முதிர்ந்த குச்சிகளில் கொத்துக் கொத்தாய்க் கருநீலப் பூக்கள். கருவண்டு ஒன்று பூவைக் கவ்வி உடலை அதிரவிட்டது. ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறியது.

“தேனுக்கு வரலைலே, தூளுக்கு வருது. மகரந்தப்பையில சின்னக் கீறல்தான். இப்படி உலுக்குனாத்தான் கொட்டும். ஒடம்புல ஒட்டுனது அடுத்த பூவுக்குப் போவும்.”

“என்ன செடி இது?”

“ஏலே, மேடைக்கு மேட முழங்குதியே, இதுதாம்லே காயா!”

அன்றே சுந்தரபாண்டியத்துக்குப் பேருந்து ஏறினேன். அண்ணாச்சியின் வரப்பில் கணுக்கால் உயரத்துக்கு அடிக்கட்டைதான் இருந்தது. மோட்டார் அறை கட்டுவதற்காக ஜேசிபி இடத்தைச் சமன்செய்துகொண்டிருந்தது. ஓரத்தில் வாடிக் கிடந்த கிளைகளில் அதே தடித்த இலைகள். நண்பனை அலைபேசியில் கேட்டேன்; வேரை விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்கும் என்றான்.

“அண்ணாச்சி, தப்பாச் சொல்லிட்டேன். இதுதான் காயா. வேரையாவது விடுங்க.”

அவர் சிரித்தார். “அன்னைக்கு இல்லன்னிய, இன்னைக்கு ஆமாங்கிய. ரெண்டு பக்கமும் பேசுத வாயி தம்பி உங்களுக்கு! அன்னைக்குப் பேசுனதுதான் எடுப்பா இருந்துச்சு.”

இலையைக் காட்டினேன். வண்டைச் சொன்னேன். குரல் உடைந்தது, சொற்கள் வரிசை தப்பின. நான் அவ்வளவு மோசமாகப் பேசியது அதற்கு முன் இல்லை. அவர் ஓட்டுநரைப் பார்த்துக் கையசைத்தார்.

வேர் மண்ணோடு மேலே வந்தபோது பேச்சை நிறுத்தினேன்.