சாம்பல் பூசிய சுவர்

உயர்தர வகுப்பில் சித்திரம் படிக்கக் கலஹா பக்கத்திலிருந்து கண்டிக்கு வந்தவள் நான் ஒருத்திதான். விகாரைச் சுவரோவியம் பார்க்க டீச்சர் வேன் பிடித்த சனிக்கிழமை, நான் வந்த பாழாய்ப்போன பஸ் பேராதனையில் மாட்டிக்கொண்டது. ஓடி வந்து சேர்ந்தபோது பள்ளிக்கூட வாசலில் வாச்சர் மட்டும்தான் இருந்தார். "வேன் அப்பவே போயிருச்சும்மா" என்றார். அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. ஐந்து நிமிஷம் நின்றால் குடியா முழுகிவிடும்?

என்னிடம் இருந்ததெல்லாம் அந்தச் சுவரோவியத்தின் கறுப்பு வெள்ளைப் போட்டோகொப்பித் தாள்கள். தவணைப் பரீட்சையில் அந்த ஓவியத்தையே வரையச் சொன்னார்கள். தாளில் பின்னணி சாம்பலாக இருந்தது, நானும் சாம்பலையே பூசினேன். டீச்சர் அதைத் தூக்கி வகுப்புக்கே காட்டினார்.

"கண்டி ஓவியத்துக்குச் சாம்பல் பின்னணியா? அடுத்த தவணையும் இப்பிடின்னா சித்திரத்த விட்டுட்டு வேற பாடம் எடு."

வேறு பாடமா? சித்திரம் இல்லாவிட்டால் எனக்குக் கண்டியில் என்ன வேலை?

அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் பள்ளிக்கூட வெள்ளைக் கவுனையே போட்டுக்கொண்டு தனியே போனேன். அன்று விகாரையில் எல்லோரும் வெள்ளைதான், யாரும் என்னை வித்தியாசமாகப் பார்க்கவில்லை. உள்ளே நுழைந்ததும் திக்கென்றது. சுவர் முழுக்கச் சிவப்பு. உருவங்களுக்கு நடுவே இடம் கிடைத்த இடமெல்லாம் பூ. ஐயோ, இதையா சாம்பலாக்கினேன்! பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக் காட்டியிருப்பேன். ஓர் அம்மா மட்டும், "தனியமத ஆவே?" என்று சிங்களத்தில் கேட்டார். தனியாகவா வந்தாய் என்று. தலையாட்டினேன்.

கலர் பெட்டி கொண்டுபோகவில்லை. வெளியே படியில் உட்கார்ந்து, என் அம்மா மாரியம்மன் கோவிலில் வாங்கிக் கொடுத்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்துப் போட்டோகொப்பித் தாளின் சாம்பல்மேல் விரலால் தேய்த்தேன். சிவப்பு கொஞ்சம் தூக்கல்தான். இருக்கட்டும்.

மறுநாள் அதை டீச்சரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுதான் சரி. பேசாம சித்திரத்தையே படி."

எனக்கு உயிர் வந்தது.

"ஆனா ஒன்னு. அன்னைக்கி எங்ககூட வேன்ல வந்தியே, அப்ப கண்ண மூடிக்கிட்டா இருந்த?"

வகுப்பே சிரித்தது. நான் அன்று வேனில் இல்லை என்று ஒருத்தியும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.