கஞ்சித் தட்டில் வந்த குளிசை

டாக்டர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்த குளிசையை இன்னொருவர் வாங்கிப் போடுவதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபத்தில் பிடுங்கி எறியத் தோன்றும். இப்போது நான் ஓர் ஆஸ்பத்திரியில் தாதி. தலைசுற்று என்று வருபவர்களிடம் பெயருக்கு அடுத்தபடியாக நான் கேட்பது, யாருடைய குளிசையைப் போட்டீர்கள் என்பதைத்தான். முறைத்துப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அப்போது எனக்குப் பத்து வயது. மருதமுனையில் எங்கள் வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே உம்மாவின் தறி இருந்தது. அந்த வருடம் கச்சான் காற்று சுட்டெரிக்கும் மாதத்தில் நோன்பு வந்தது. பெருநாளைக்குள் ஆண்கள் உடுக்கும் சாரங்களை நெய்து முடிக்க வேண்டும் என்று, ஒரு மிடறு தண்ணீர் இல்லாமல் உம்மா பகல் முழுக்கத் தறியில் இருப்பார். ஒரு பின்னேரம் எழும்பும்போது கண் இருண்டு, தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வீடு தள்ளியிருந்த மாமிக்கு, அதாவது வாப்பா ராத்தா என்று கூப்பிடும் அவருடைய அக்காவுக்கு, செய்தி உடனே போய்விட்டது. மாமிக்குப் பல வருடமாக உயர் இரத்த அழுத்தம். எங்கள் ஊரில் அதற்கு ஏற்றம் இறக்கம் எல்லாம் கிடையாது, பிரஷர், அவ்வளவுதான். தலை சுற்றினால் பிரஷர். பிரஷர் என்றால் உப்பைக் குறை, குளிசையைப் போடு. மாமி இந்த விஷயத்தில் டாக்டர்களுக்கே டாக்டர்.

"எனக்கும் இப்பிடித்தான் புள்ள தொடங்கின. என்ட குளிசையப் போடு, சரியாப் போயிரும்," என்றார்.

ராத்தா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாப்பா பள்ளிக்குத் தொழப் போய்விட்டார். ஆஸ்பத்திரி நடக்கிற தூரத்தில் இருந்தது. அதை நினைத்தால் வாப்பா மீதும் எனக்கு ஆத்திரம் வரும்.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பு கஞ்சியையும் பலகாரத்தையும் தட்டில் வைத்து மூடி, பிள்ளைகளிடம் அயல் வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம். அன்றிலிருந்து மாமி வீட்டுத் தட்டில் உம்மாவுக்கென்று உப்பில்லாத கஞ்சி ஒரு கோப்பையும், கடதாசியில் சுற்றிய வெள்ளைக் குளிசை ஒன்றும் வந்தன. கொண்டுவருவது நான். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்துக்குப் பின்னால் அதை உம்மாவின் வாயில் வைப்பதும் நான். பெரிய மனுஷியாகிவிட்ட நினைப்பு எனக்கு. கஞ்சிக்குக் கொஞ்சம் உப்புத் தரும்படி உம்மா கெஞ்சியபோது, பிரஷருக்குக் கூடாது என்று உப்புப் போத்தலை ஒளித்து வைத்தேன்.

தலைசுற்று கூடியது. மாமி குளிசையை இரண்டாக்கினார். ஆறாம் நாள் பின்னேரம் உம்மா தறியிலிருந்து எழும்பி, அப்படியே விழுந்தார். நெற்றி கட்டையில் பட்டுப் பிளந்தது. உடம்பு குளிர்ந்து போயிருந்தது. கூப்பிட்டால் பேச்சில்லை.

ஆஸ்பத்திரியில், பிரஷர் என்று உப்பை நிறுத்திக் குளிசை கொடுத்தோம் என்று மட்டும் வாப்பா சொல்ல, உம்மாவின் பிரஷரைப் பார்த்த டாக்டர் அவரை ஏசினார். வெயிலிலும் நோன்பிலும் தண்ணீர் வற்றி ஏற்கெனவே இறங்கிக் கிடந்த பிரஷர். அதில் உப்பையும் நிறுத்தி, இன்னும் இறக்குகிற குளிசையையும் கொடுத்திருக்கிறீர்கள், கொஞ்சம் பிந்தியிருந்தால் இவரை உயிரோடு பார்த்திருக்க மாட்டீர்கள் என்றார். சேலைன் ஏறி உம்மா கண் திறந்ததும் டாக்டர் அவரிடமே கேட்டார்.

"ஆரு உங்களுக்கு இந்தக் குளிசையத் தந்த?"

மாமி தலைமாட்டில் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். என் கை உம்மாவின் கைக்குள் இருந்தது.

"ஒருத்தரும் தரல்ல. நானாத்தான் எடுத்துப் போட்ட," என்றார் உம்மா.

நோன்பு மாதத்தில் பச்சைப் பொய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உம்மாவின் கையை உதறிவிட்டு வெளியே போனேன். அந்தப் பெருநாளைக்கு மாமி தைத்துத் தந்த சட்டையை நான் தொடவில்லை. பல வருடம் அவருடன் முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை. கொல்லப் பார்த்தவரைக் காப்பாற்றினாரே என்று உம்மா மீதும் கோபம் ஆறவில்லை.

தாதியாகி வேலை கிடைத்த முதல் மாதம், மாமிக்காக ஏன் பொய் சொன்னீர்கள் என்று உம்மாவிடம் சண்டைக்கே போனேன்.

"மாமிக்காக எண்டு ஆரு சொன்ன?" என்றார் உம்மா.

தறிக்குத் திரும்பிவிட்டார். அத்தனை நாளும் அந்தக் குளிசையை உம்மாவின் வாயில் வைத்தது யாருடைய கை என்பது, டாக்டர் கேட்ட நேரம் எனக்கு உறைக்கவில்லை. உம்மாவுக்கு உறைத்திருந்தது. அந்தக் கையைத்தான் அவர் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடியைத்தான் நான் உதறிவிட்டுப் போனேன்.